ஒரு பட்டாணியளவு காற்று

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக்காலப் பிற்பகலில், கொல்லிமலையிலிருந்து என் தமக்கை மகனோடு மோட்டார் சைக்கிளில் இறங்கிக் கொண்டிருந்தேன். வண்டியை அவன் ஓட்டினான். நான் பின்னே அமர்ந்திருந்தேன். காரவள்ளியில் வந்து முடியும் அம்மலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பெட்ரோலை மிச்சப்படுத்தும் எண்ணத்தோடு அவன் கிளச்சைப் பிடித்தபடியே வண்டியைத் தானாக உருளவிட்டு, வேகம் மிகும்போதெல்லாம் முன் பிரேக்கை மட்டும் அழுத்தி வந்தான். பாதிப் பாதை கடந்திருக்கும். ஒரு வளைவை நெருங்கும் நேரத்தில், "மாமா, முன் பிரேக் பிடிக்கவில்லை" என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

எட்டிப் பார்த்தேன். இறுகி நிற்கவேண்டிய பிரேக் லீவர் ஈரப் பஞ்சுபோல நெகிழ்ந்து கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "கிளச்சை விடு, கியரைக் குறை, பின் பிரேக்கை மிதி" என்றேன். அவன் அவ்வாறே செய்தான். எஞ்சின் உறுமி வேகத்தைப் பிடித்திழுத்தது. பின் சக்கரம் தேய்ந்து சறுக்கியது. தடுப்புச் சுவருக்கு இரண்டு முழம் இருக்கையில் வண்டி நின்றது. சுவருக்கு அப்பால் மரங்களின் உச்சிகள்தாம் தெரிந்தன.

இருவரும் பேச்சின்றிச் சாலையோரம் அமர்ந்தோம். அரைமணி நேரம் கழிந்தது. எழுந்து சென்று லீவரை அழுத்திப் பார்த்தால், அது இறுகி நின்றது! அதனை எவரும் பழுதுபார்க்கவில்லை. ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. போன பிரேக் எங்கே போயிற்று? எவ்வாறு திரும்பி வந்தது? புதுமுறையில் அமைந்த முன் பிரேக் கைவிட்டபோது, பழைய முறையில் ஓர் இரும்புக் கம்பியால் இயங்கும் பின் பிரேக் மட்டும் நம்மைக் காத்தது ஏன்?

இந்த மூன்று வினாக்களுக்கும் விடை தேடிப் புறப்பட்ட நான், ஏறக்குறைய 350 ஆண்டுகள் நீண்ட ஒரு வரலாற்றுக்குள் சென்று சேர்ந்தேன். திரவம் வேறு, காற்று வேறு என்பதை மனிதன் அறிந்துகொண்டதும், திரவத்தைத் தன் பணிக்கு அமர்த்தியதும், காற்று அதனுள் புகாமல் காக்க அவன் பட்ட பாடுமே அவ்வரலாறு. அதனையே இன்று மாணவ நேயர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இத்தாலி நாட்டின் பிளாரன்சு நகரில் 1657-ஆம் ஆண்டில் 'சோதனைக் கழகம்' என்று பொருள்படும் பெயருடன் அறிஞர் குழு ஒன்று தோன்றியது. அவர்கள் தம் ஆய்வுகளை 1667-இல் நூலாக வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று, தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியுமா என்பதை அறியச் செய்த சோதனை. வெள்ளியால் செய்த கோளம் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, வாயை இறுக மூடி, சுத்தியலால் தட்டினார்கள். ஒரே அளவு மேற்பரப்புடைய பாத்திரங்களுள் மிகுந்த இடம் கொள்வது கோளமே; ஆகவே கோளம் சிறிது நசுங்கினாலும் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தபோது தண்ணீர் சுருங்கியதா? இல்லை. வெள்ளியின் நுண்ணிய துளைகள் வழியே வியர்வைபோல வெளியே துளிர்த்தது. தண்ணீர் சுருங்குவதற்கு இசையாது என்று அவர்கள் கண்டனர். சிறிதளவு சுருங்கும் என்பதைப் பின்னர் 1762-இல் ஜான் கேன்டன் என்னும் ஆங்கிலேயர் மெய்ப்பித்தார். ஆயினும் அச்சுருக்கம் எவ்வளவு? நம்மைச் சுற்றியுள்ள காற்று மண்டலத்தின் அழுத்தம் போன்ற ஒரு மடங்கு அழுத்தத்தைக் கூட்டினால், 20,000 பங்கில் ஏறத்தாழ ஒரு பங்கு மட்டுமே. அன்றாட வேலைகளுக்கு இதனை இல்லை என்றே கொள்ளலாம்.

சுருங்காத பொருள் ஒன்றை அடைத்து வைத்து ஒரு முனையில் அழுத்தினால் என்ன நேரும்? இவ்வினாவை எடுத்துக்கொண்டவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். 1623-இல் பிறந்து 1662-இல், தம் 39-ஆம் வயதிலேயே மறைந்த அவர், திரவங்களின் சமநிலை பற்றி எழுதிய நூல் அவர் மறைந்த அடுத்த ஆண்டில் வெளிவந்தது. நீர் நிறைந்த மூடிய பாத்திரம் ஒன்றில் இரண்டு வாய்கள் இருப்பதாகவும், ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரியதாகவும் எண்ணிக்கொள்ளுமாறு அவர் கூறினார். இரண்டு வாய்களிலும் இறுகப் பொருந்திய பிஸ்டன்களை வைத்துச் சிறிய பிஸ்டனை ஒருவன் அழுத்தினால், பெரிய பிஸ்டனை அழுத்தும் நூறு பேருக்கு அவன் ஈடுகொடுப்பான் என்பது அவர் கண்ட உண்மை. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவுகின்றது. பரப்பு எங்கே மிகுதியோ, அங்கே விசையும் மிகுதி. இதற்கு விலை ஒன்று உண்டு. சிறிய பிஸ்டன் நூறு அங்குலம் நகர்ந்தால், பெரியது ஓர் அங்குலமே நகரும். விசையில் பெற்றதைத் தொலைவில் இழக்கின்றோம். இந்த விலையை நினைவில் வைத்திருங்கள். கொல்லிமலைப் புதிருக்கு விடை இதில்தான் பாதி இருக்கின்றது.

மற்றப் பாதியைத் தந்தவர் அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் பாயில். 'ஜே' என்னும் ஆங்கில எழுத்துப்போல வளைந்த கண்ணாடிக் குழாயில் சிறிது காற்றை அடைத்து, பாதரசத்தை ஊற்றி, அக்காற்றின்மேல் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். அழுத்தம் இரு மடங்கானபோது காற்றின் பருமன் பாதியாயிற்று. மும்மடங்கானபோது மூன்றில் ஒன்றாயிற்று. 1662-இல் அவர் வெளியிட்ட இம்முடிவைப் பள்ளியில் பாயில் விதி என்று படிக்கின்றீர்கள். காற்றின் இவ்வியல்பை அவர் சுருள்வில்லின் இயல்போடு ஒப்பிட்டார். அழுத்தினால் ஒடுங்கும், விட்டால் விரியும். தண்ணீர் கோல்போல விசையைக் கடத்துகின்றது; காற்றோ அவ்விசைக்கு இடங்கொடுத்துத் தான் சுருங்கிக் கொள்கின்றது.

பாஸ்கலின் கருத்து பொறியாக உருப்பெற 130 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1748-இல் பிறந்து, தச்சுவேலை கற்று, பின்னர்ப் பூட்டுச் செய்வதில் பெரும் புகழ் பெற்ற ஜோசப் பிராமா என்பவர் 1795-இல் நீர் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கோட்பாடு எளிது; பொறியைச் செய்வது எளிதன்று. பிஸ்டனைத் தளர்வாக வைத்தால் நீர் பீறிட்டு ஒழுகிற்று. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகர மறுத்தது. இந்தச் சிக்கலைத் தீர்த்த பெருமை, பிராமாவின் பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே என்னும் இளைஞருக்கு உரியது என்பர். அவர் தோலைக் கிண்ணம்போல் வளைத்து, அதன் குழிந்த பக்கம் நீரை நோக்குமாறு பொருத்தினார். நீரின் அழுத்தம் ஏறும்போது கிண்ணத்தின் விளிம்பு தானாகவே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. அழுத்தம் நீங்கியதும் தளர்ந்து வழிவிட்டது. பகைவனின் பலத்தைக்கொண்டே பகைவனைத் தடுக்கும் உபாயம் அது. இன்று உங்கள் மோட்டார் சைக்கிளின் பிரேக் சிலிண்டரைப் பிரித்தால் அதனுள் இருக்கும் சிறு ரப்பர்க் கிண்ணம், மாட்ஸ்லேயின் தோல் கிண்ணத்தின் வழித்தோன்றலே ஆகும்.

இனி, சாலைக்கு வருவோம். தொடக்க காலக் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பிரேக்கை இயக்கியவை கம்பிகளும் கோல்களுமே. உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பிக்கு ஏர்னஸ்ட் பௌடன் 1896-இல் காப்புரிமை பெற்றார்; சைக்கிள் பிரேக்கில் இன்றும் அதனைக் காண்கின்றோம். ஒரு சக்கரத்திற்குக் கம்பி போதும். காரின் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைக்க முற்பட்டபோதுதான் தொல்லை பிறந்தது. நான்கு கம்பிகளும் எப்போதும் ஒரே அளவு இறுகியிருக்க வேண்டும். ஒன்று சிறிது தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். மேலும், முன் சக்கரங்கள் திரும்பும்போது கம்பிகளின் நீளமும் மாறும்.

இத்தொல்லைக்குப் பாஸ்கலின் விதியிலேயே தீர்வு இருப்பதைக் கண்டவர்களுள் முதன்மையானவர் மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர். விமானத் தொழிலில் புகழ்பெற்ற ஆலன் லாக்ஹீடின் உடன்பிறந்தவர் அவர். 1917-இல் அவர் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் குழாய்கள் செல்லும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒன்றே ஆதலால் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தம் கிட்டும். சமப்படுத்த வேண்டியவர் எவருமில்லை. 1921-இல் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெற்ற பிரெஞ்சுப் பெரும் பந்தயத்தில் ஜிம்மி மர்பி என்னும் அமெரிக்கர், திரவ பிரேக் பொருத்திய டூசன்பர்க் காரில் வென்றார். அதே ஆண்டில் அந்நிறுவனம் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் அமைந்த காரை விற்பனைக்கும் கொண்டுவந்தது. 1924-இல் கிரைஸ்லர் நிறுவனம் நடுத்தர விலைக் காரிலும் இவ்வமைப்பைப் பொருத்தியது. அதன் பொறியியலாளர்கள் திரவம் கசியும் குறையை நீக்க ரப்பர்க் கிண்ணங்களைக் கொண்டுவந்தனர்.

ரப்பர் வந்ததும் திரவத்தையும் அதற்கேற்பத் தேர வேண்டியதாயிற்று. எஞ்சினுக்கு ஊற்றும் கனிம வகை எண்ணெய்கள் இயற்கை ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்து கெடுத்துவிடும். ஆதலால் முற்காலப் பிரேக்குத் திரவங்களில் ஆல்கஹாலோடு கலந்து பயன்பட்ட பொருள் எது தெரியுமா? நம் வீடுகளில் விளக்குக்கும் மருந்துக்கும் பயன்பட்ட ஆமணக்கெண்ணெய்தான்! அது ரப்பருக்குத் தீங்கு செய்யாது. பின்னர் வேதியியலார் கிளைக்கால் வகைத் திரவங்களை உருவாக்கி அதன் இடத்தில் வைத்தார்கள். பெயரளவில் மட்டும் 'பிரேக் ஆயில்' என்ற வழக்கு நிலைத்துவிட்டது. உண்மையில் இன்றைய பிரேக் ஆயில் எண்ணெயே அன்று. தண்ணீரோடு நன்கு கலக்கும் திரவம்.

மோட்டார் சைக்கிளுக்கு இம்முறை தாமதமாகவே வந்தது. 1955-இல் சென்னையில் மோட்டார் சைக்கிள் உற்பத்தி தொடங்கியபோது அவ்வண்டிகளில் இருந்தவை கம்பியாலும் கோலாலும் இயங்கும் டிரம் பிரேக்குகளே. 1969-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் தன் சி.பி. 750 வண்டியின் முன் சக்கரத்தில் திரவத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தியது. பெருமளவில் உற்பத்தியான மோட்டார் சைக்கிள்களில் அதுவே முதலாவது. நம் நாட்டில் 1990-களின் இறுதியிலிருந்து இவ்வமைப்பு நடுத்தரக் குடும்பத்தின் வண்டிக்கும் பரவியது. ஆனால் பல வண்டிகளில் பின் சக்கரத்திற்குப் பழைய டிரம் பிரேக்கே தொடர்ந்தது. எங்கள் வண்டியும் அத்தகையதே.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களும் போடலாம். லீவர் விரலின் விசையை ஆறு மடங்காக்குவதாகக் கொள்வோம். விரல்கள் 5 கிலோகிராம் எடைக்கு ஈடாக இழுத்தால், மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை 30 கிலோகிராம் தள்ளும். அப்பிஸ்டனின் விட்டம் 12 மில்லிமீட்டர் என்றும், சக்கரத்தருகே காலிப்பரில் உள்ள பிஸ்டனின் விட்டம் 36 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். விட்டம் மும்மடங்கு, ஆகவே பரப்பு ஒன்பது மடங்கு. 30 கிலோகிராம் 270 ஆகின்றது! ஐந்து கிலோகிராமில் தொடங்கியது 270-இல் முடிகின்றது.

இனி, அதற்குரிய விலையைப் பாருங்கள். விரல் 18 மில்லிமீட்டர் இழுத்தால், மாஸ்டர் பிஸ்டன் 3 மில்லிமீட்டர் நகரும். காலிப்பர் பிஸ்டனோ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே நகரும். அச்சிறு அசைவு போதும். பிரேக் பேடுகள் டிஸ்கை ஒட்டினாற்போலத்தான் நிற்கின்றன. ஆனால் அச்சிறு அசைவுக்காக மாஸ்டர் பிஸ்டன் தள்ளிய திரவம் எவ்வளவு? ஒரு கன சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. உலர்ந்த பட்டாணி ஒன்றின் அளவு. குழாயினுள் எங்கேனும் அதே பட்டாணியளவு காற்றுக் குமிழி ஒன்று தங்கியிருந்தால் என்னாகும்? திரவத்தில் அப்போதுள்ள அழுத்தம், சுற்றுக் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 27 மடங்கு. பாயில் விதிப்படி குமிழி 27-இல் ஒரு பங்காகச் சுருங்கும். தள்ளிய திரவமனைத்தும் குமிழி விட்டுக்கொடுத்த இடத்தை நிரப்பவே போய்விடும். பேடுகள் டிஸ்கை இறுக்க, விரல் மேலும் அதே அளவு இழுத்தாக வேண்டும். அத்தகைய குமிழிகள் இரண்டு மூன்று இருந்தால், பேடுகள் இறுகுமுன் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும். அதற்கு மேல் இழுக்க இடமேது? பஞ்சுபோல நெகிழ்ந்த லீவரின் இரகசியம் இதுதான்.

ஆனால் எங்கள் வண்டியின் குழாயில் காற்று எவ்வாறு புகுந்தது? மலையேறும்போது பிரேக் நன்றாகத்தானே இருந்தது? விடை வெப்பத்தில் இருக்கின்றது. வண்டியும் இருவரும் சேர்ந்து 300 கிலோகிராம் என்று கொண்டால், 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரணத் தண்ணீர் பத்து லிட்டரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினைக் கியரில் வைத்து இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். என் மருமகன் கிளச்சைப் பிடித்திருந்ததால், எதிர்க்காற்று ஏற்றதுபோக மற்ற சுமையெல்லாம் ஒரு சிறு டிஸ்கின்மேல் விழுந்தது. அச்சூடு பேடு வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகத் திரவத்திற்கும் சென்றது.

நல்ல திரவம் அச்சூட்டைத் தாங்கும். டாட் 4 என்னும் தரத்துப் புதிய திரவம் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. ஆயின் இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர்க் குழாயின் நுண்துளைகள் வழியாகவும், கிண்ணத்தின் மூடி வழியாகவும் ஈரம் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. நீர் 3.7 விழுக்காடு கலந்துவிட்டால் அதே டாட் 4 திரவத்தின் கொதிநிலைக்கு விதி கேட்பது 155 பாகையே; டாட் 3 ஆயின் 140. ஈரம் இன்னும் மிகுந்தால் கொதிநிலையும் இன்னும் இறங்கும். கொதித்த திரவத்திலிருந்து எழும் ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். வெளியிலிருந்து காற்று புகவில்லை; திரவமே தன்னுள் குமிழிகளைப் பிறப்பித்துக் கொண்டது. அரைமணி நேரம் ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாயிற்று, லீவர் இறுகிற்று. பின் பிரேக்கின் இரும்புக் கோலுக்குக் கொதிப்பதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஆகவே அது கைவிடவில்லை.

இவ்விடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வண்டியை ஆறு ஆண்டுகள் ஓட்டி, பிறகு அப்பிள்ளைக்குக் கொடுத்தவன் நானே. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய அத்திரவத்தை, அந்த ஆறு ஆண்டுகளில் நான் ஒருமுறையும் மாற்றவில்லை. மாணவர்களுக்கு நான் பாயில் விதியைப் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கின்றேன்; அவ்விதி என் வண்டிக்குள்ளேயே காத்திருந்ததை நினைக்கவில்லை. கிளச்சைப் பிடித்தது அவன் தவறு. ஆனால் பெருந்தவறு என்னுடையது.

ஊர் திரும்பிய வாரம், வீட்டுக் கொல்லையிலேயே வண்டியை நிறுத்தி, நாங்கள் இருவருமாகப் பழைய திரவத்தை வெளியேற்றிப் புதியதை ஏற்றினோம். பட்டறைகளில் இதனை 'ஏர் எடுத்தல்' என்பார்கள். செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, மேலே உள்ள ஆயில் கிண்ணம் மட்டமாக இருக்கும்படி கைப்பிடியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கிண்ணத்தின் மூடியில் எந்தத் தரம் பொறித்திருக்கின்றதோ, அத்தரத்துத் திரவத்தையே, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றவேண்டும். காலிப்பரின் மேற்பகுதியில் ஏர் நிப்பிள் என்னும் சிறு திருகு இருக்கும். காற்று மேலே எழும் இயல்புடையதாதலால் அதற்குரிய வாயிலையும் மேலே வைத்திருக்கின்றார்கள். அதில் வளைய ஸ்பானரை மாட்டி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைச் சிறிது திரவம் ஊற்றிய கண்ணாடிச் சீசாவினுள் மூழ்கியிருக்கும்படி விடவேண்டும்.

பிறகு ஒருவர் லீவரை மெல்லச் சிலமுறை இழுத்துவிட்டு, இழுத்தபடியே பிடித்திருக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால், பழுப்பு நிறத் திரவமும் குமிழிகளும் குழாயில் ஓடிவரும். லீவர் கைப்பிடி வரை தாழும். லீவரை விடுமுன் நிப்பிளை மூடிவிட வேண்டும். இந்த வரிசை முறை பிறழ்ந்தால் வெளிக்காற்றை நாமே உள்ளே இழுத்தவர்களாவோம். அதனால்தான் நாங்கள் இருவரும் "பிடித்தேன்", "திறந்தேன்", "மூடினேன்", "விட்டேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தோம்.

அவ்வாறு செய்தும் தவறினோம். சீசாவில் வரும் குமிழிகளை வேடிக்கை பார்த்ததில் மேலே கிண்ணம் வற்றியதைக் கவனிக்கவில்லை. லீவர் மீண்டும் பஞ்சாயிற்று. மேலிருந்து ஒரு மிடறு காற்றை உறிஞ்சிவிட்டது! முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. மற்றொரு தவறு, பெட்ரோல் டாங்கின்மேல் ஈரத் துணி விரிக்க மறந்தது. சிந்திய சில துளிகள் வண்ணப்பூச்சைப் புண்போல எழுப்பிவிட்டன. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் தப்பியிருக்கும். அந்தத் தழும்பு இன்றும் வண்டியில் இருக்கின்றது.

இரண்டாம் முறை, நான்கு இழுப்புக்கு ஒருமுறை கிண்ணத்தை நிரப்பினோம். குழாயை விரலால் சுண்டியபோது ஒட்டிக்கொண்டிருந்த நுண்குமிழிகளும் வந்தன. கடைசியாக, தெளிந்த தேன்போன்ற திரவம் குமிழியின்றி வந்தது. நிப்பிளை அளவோடு இறுக்கினோம். உள்ளே துளையுள்ள அத்திருகு மிகுந்த விசைக்கு உடைந்துவிடும். பின்னர்ச் சாலையில் ஓட்டுமுன், வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பார்த்தோம். லீவர் பாதி வழியில் கல்போல நின்றது.

நேயர்களே, இங்கு ஓர் எச்சரிக்கை. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனையாகும் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிள்களில் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று. அத்தகைய வண்டிகள் சிலவற்றில் காற்றை முற்றும் நீக்கத் தனிக் கருவி வேண்டும். எந்த வண்டியாயினும், லீவர் இறுகவில்லையென்றால் அதனைச் சாலைக்குக் கொண்டுசெல்லலாகாது. தேர்ந்த மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை. டிஸ்கிலோ பேடிலோ திரவம் பட்டாலும் பிரேக் பிடிக்காது. எடுத்த பழைய திரவத்தைக் கிணற்றருகிலோ சாக்கடையிலோ ஊற்றுவதும், மீண்டும் வண்டிக்கே ஊற்றுவதும் கூடாதவை.

வேலை முடிந்து கைகழுவும்போது என் மருமகன் அந்தச் சீசாவை வெயிலில் தூக்கிப் பார்த்தான். பழுப்புத் திரவத்தின்மேல் சில குமிழிகள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. "இவ்வளவுதானா மாமா?" என்று கேட்டான். "இவ்வளவுதான்" என்றேன். பாஸ்கல் எண்ணிப் பார்த்ததும், பாயில் அளந்ததும், மாட்ஸ்லே தோலில் வளைத்ததும், லாக்ஹீட் குழாயில் ஓடவிட்டதும் அந்தச் சீசாவில் ஒன்றுசேர்ந்திருந்தன. அந்நால்வரும் தம் பங்கைச் சரியாகச் செய்துவிட்டார்கள். எஞ்சிய பங்கு வண்டியை வைத்திருப்பவருடையது. நான் செய்யத் தவறியது அதனைத்தான்.

அன்று அவன் ஒரு சிறு காகிதத்தில் தேதியை எழுதி, இருக்கைக்கு அடியில் ஒட்டிவைத்தான். அதன்கீழ் இப்போது மேலும் இரண்டு தேதிகள் சேர்ந்திருக்கின்றன. இரண்டும் அவன் கையெழுத்தே.